வலம் இடமான கிண்ணங்கள்

ஊசியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஆய்வுக்கூடத்துக் காவலாளிகூட, "அப்படி யாரும் இங்க இல்லைங்களே" என்று கையை விரித்துவிடுவார். ஊசி என்று சொன்னால் போதும். "கீழ போங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போங்க" என்று வழியும் சொல்லி, எச்சரிக்கையும் சொல்லி அனுப்புவார்.

அவள் செய்தது துணி தைக்கிற ஊசி அல்ல. டங்ஸ்டன் கம்பித் துண்டு ஒன்றைக் காரக் கரைசலில் நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, அதன் இடுப்பை அரிக்க விடுவாள். இடுப்பு மெலிந்து மெலிந்து ஒரு கணத்தில் கீழ்ப்பாதி தன் எடை தாங்காமல் அறுந்து விழும். அந்தக் கணத்திலேயே மின்சாரத்தை நிறுத்தினால் மேல்பாதியின் நுனியில் ஓரிரண்டு அணுக்களே மிஞ்சும். கண் சிமிட்டும் நேரம் தாமதித்தாலும் நுனி மழுங்கிப்போகும். நிறுத்துவதற்கென்று ஒரு தானியங்கிக் கருவியை வாங்கியிருந்தார்கள். அது பிரித்த உறையோடு அலமாரியில் தூங்கியது. ஊசியக்காவின் விரல் அதைவிட வேகம் என்பது ஊரறிந்த விஷயம்.

அந்த ஊசியால் அவள் அணுக்களைப் பார்த்தாள். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல, தடவித்தான். தங்கத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை ஊசிமுனை தொடாமல் தொட்டுக்கொண்டு நகரும். அதன் ஏற்ற இறக்கம் வரி வரியாகக் கணினித் திரையில் படமாக விழும். "கண் தெரியாதவங்க விரலால ஒரு முகத்தைத் தடவிப் பாப்பாங்க இல்லையா, அந்த மாதிரி" என்று பார்வையாளர்களுக்கு விளக்குவாள். அதற்கு மேல் பேசமாட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் இல்லாதவர்களை எண்ண ஒரு கை போதும். அவள் டிப்ளமோ படித்தவள். காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடம் உருப்பெருக்கிக்கு அடியில், ஈயம் உருக்கிக் கம்பி ஒட்டும் சால்டரிங் வேலை செய்தவள். அங்கே பழகிய கை. இங்கே வந்து பதினான்கு வருடங்களில் அந்தக் கையை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் வெளியாட்களிடம் அவளைக் காட்டி, "எங்ககிட்ட கணக்கு தப்பலாம், கருத்து தப்பலாம். இவங்க எடுக்கிற படம் தப்பாது" என்பார். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அன்று வீட்டுக்குப் போகும்போது மட்டும் நடையில் கொஞ்சம் துள்ளல் இருக்கும்.

அவள் வேலை செய்த நிலவறைக்குக் கிணறு என்று பெயர். ஜன்னல் கிடையாது. நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது. மூன்றாள் உயரக் குளிர்க்கலத்துக்குள் மைக்ரோஸ்கோப் தொங்கியது. லிஃப்ட் ஓடினால் படத்தில் கோடு விழும் என்பதால், படம் எடுக்கும் நேரத்தில் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். நான்கு மாடியும் படியேறி மூச்சிரைக்கிறவர்கள் எல்லாம் ஒருமுறையாவது ஊசியக்காவைத் திட்டாமல் மேலே போனதில்லை.

மூன்றாம் மாடியில் இருந்த வேதியியல் கூடத்துக்குச் சமையல்கட்டு என்று பெயர். அங்கே நான்கு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்தவளைச் சமையல்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளும் அந்தப் பட்டத்தைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். வாய் ஓயாதவள். ஊசியக்கா பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசுவாள். மதியச் சாப்பாட்டுக்குப் படியிறங்கி வந்து, கிணற்றுக்கு வெளியே இருந்த சின்ன மேசையில் டப்பாவைத் திறந்து, மேலே நடந்தது முழுவதையும் ஒன்று விடாமல் கொட்டுவாள். இரண்டு பேரும் உடன்பிறந்தவர்கள் போல என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சமையல்காரி சமைத்தது கரிக்கிண்ணம். கரி அணுக்கள் அறுகோண அறுகோணமாகக் கைகோத்தால் தரை ஓடு பதித்தது போலத் தட்டையாகக் கிடக்கும். நடுவில் ஓர் அறுகோணத்துக்குப் பதில் ஐங்கோணத்தை வைத்தால் தரை சுருங்கி, குழிந்து, கிண்ணமாகும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று இறக்கைகளை முறுக்கி வைப்பதுதான் அவளுடைய வேலை. மின்விசிறியின் இறக்கைபோல அவை ஒரு பக்கமாகச் சாயும். வலப்பக்கம் சாய்ந்தது ஒன்று, இடப்பக்கம் சாய்ந்தது ஒன்று. எடையும் ஒன்று, நிறமும் ஒன்று, கொதிநிலையும் ஒன்று. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். வலக்கையுறையை இடக்கையில் மாட்ட முடியாதல்லவா, அதுபோல ஒன்றை மற்றதாக ஆக்கவே முடியாது. இரண்டும் கலந்தே பிறக்கும். பிரித்து எடுக்க அவளுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

பிரித்த நாளன்று இரண்டு குப்பிகளை ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அக்கா, என் புள்ளைங்க ரெண்டையும் குளிப்பாட்டித் தலை சீவிக் கொண்டாந்திருக்கேன்."

"மூத்தது எது?"

"ரெட்டைப் புள்ளைங்கக்கா, அதுல என்ன மூப்பு? இது சோத்துக்கை. அது பீச்சாங்கை. மாத்திக் கூப்பிட்டுறாதீங்க, கோவிச்சுக்கும்."

அறிக்கையில் பீச்சாங்கை என்றெல்லாம் எழுதக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டதால், குப்பிகளின் மேல் 'வ' என்றும் 'இ' என்றும் ஒட்டியிருந்தாள். முறுக்கிய ஒளியைக் குப்பிக்குள் செலுத்தி, அது திரும்பும் திசையைக் கணக்கோடு ஒப்பிட்டு, எது வலம் எது இடம் என்று முடிவு செய்திருந்தாள். கண்ணால் கண்டு உறுதி சொல்ல வேண்டியது ஊசியக்காவின் பொறுப்பு.

கிணற்றில் முறை வந்து, நாலரை மாதம் கழித்து ஊசியக்கா படம் கொடுத்தாள். 'வ' குப்பியில் இருந்த கிண்ணங்கள் இடப்பக்கம் சுற்றின. 'இ' குப்பியில் இருந்தவை வலப்பக்கம் சுற்றின.

தலைவர் கூட்டம் போட்டார். அதற்குள் 'வ' குப்பியிலிருந்து கொஞ்சம் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. அங்கே நான்கு மாதமாக அதை வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது.

"குப்பி ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது" என்றார்.

"சார், கிண்ணம் கவுந்து ஒட்டியிருக்கலாம்" என்றாள் சமையல்காரி. "கவுந்திருந்தா சுத்து மாறித் தெரியும்."

எல்லோரும் ஊசியக்காவைப் பார்த்தார்கள்.

"கவுழல சார். நடுவுல பள்ளம் தெரியுது. வாய் மேல பாத்து உக்காந்திருக்கு. இருநூத்திப் பதினாறு எண்ணினேன், ஒண்ணுகூடக் கவுழல."

"கருவியோட திசை எல்லாம் சரிபார்த்தாச்சு இல்ல?" என்றார் தலைவர், கேட்க வேண்டுமே என்று கேட்பவர் போல.

"பட்டியல்ல டிக் இருக்கு சார்."

அவ்வளவுதான். சமையல்காரி மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை அன்றுதான் ஊசியக்கா முதன்முதலில் பார்த்தாள்.

அடுத்த வாரம் சமையல்காரியே தலைவரின் அறைக்குப் போனாள். குப்பியில் பெயர் ஒட்டிய வாரத்தில் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்ததாகவும், தூக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாகவும், தானே மாற்றி ஒட்டியிருக்கக்கூடும் என்றும் சொன்னாள். தலைவர் அந்த இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். அவர்கள் நான்கு மாத வேலையை மூட்டை கட்டி ஓரமாக வைத்தார்கள்.

அதற்குப் பிறகு சமையல்காரி மதியம் வந்தாள், சாப்பிட்டாள், பேசவும் செய்தாள். ஆனால் பேச்சின் நடுவே நிறுத்தி, "அக்கா, நான் அடுப்பை அணைச்சேனா?" என்பாள். ஒரு குப்பிக்கு மூன்று இடத்தில் பெயர் எழுதினாள். எழுதியதைப் போட்டோ எடுத்தாள். ஒருநாள் கிணற்றுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொள்ளும்போது குனிந்து, எந்தக் காலுக்கு எது என்று இரண்டு தடவை பார்த்தாள். "எனக்கு என் கைமேல நம்பிக்கை போச்சுக்கா" என்று சிரித்தாள். ஊசியக்கா ஆறுதலாக, "எல்லாருக்கும் தப்பு நடக்கும்மா" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். பிற்பாடு அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மைக்ரோஸ்கோப் படம் காட்ட மறுத்தது. ஒரு கம்பி அறுந்திருக்கும் என்று ஊசியக்கா ஊகித்தாள். குளிர் இறங்கும்வரை காத்திருந்து, கலத்தைத் திறந்து, ஸ்கேனரை வெளியே எடுத்தாள். ஊசியைப் பிடித்து அசைக்கும் குழாய் அது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி வலம், இடம், முன், பின் என்று நான்கு தகடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. நான்கும் ஒரே பழுப்பு நிறம் என்பதால், அடையாளத்துக்கு நூலால் முடிச்சுப் போடுவது அவள் வழக்கம். வலத்துக்கு ஒரு முடிச்சு, இடத்துக்கு இரண்டு, முன்னுக்கு மூன்று, பின்னுக்கு நான்கு.

மூன்று முடிச்சுக் கம்பிதான் அறுந்திருந்தது. சின்ன வேலை. குழாயை நிமிர்த்திய வாக்கிலேயே பிடித்து, மேலிருந்து உருப்பெருக்கியில் பார்த்தாள்.

ஒற்றை முடிச்சுக் கம்பி இடப்பக்கத்தில் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இரட்டை முடிச்சு வலப்பக்கத்தில் இருந்தது. குழாயைத் தவறாகப் பிடித்திருக்கிறோமோ என்று தாங்கியோடு பொருத்திப் பார்த்தாள். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தாள். கணினியில் வலம் என்று கட்டளை கொடுத்துவிட்டுத் தகடுகளைத் தொட்டாள். முள் இடத் தகட்டில் எழுந்தது. மறுபடி செய்தாள். எழுந்தது. மூன்றாவது முறை செய்ய முடியாமல் முனையைக் கீழே வைத்தாள்.

எப்படி நடந்தது என்பது உடனே விளங்கிவிட்டது. சமையல்காரியின் குப்பிகள் வருவதற்கு ஒரு மாதம் முன்பு அவள் இந்த ஸ்கேனரின் கம்பிகள் அத்தனையையும் புதிதாக மாற்றியிருந்தாள். பிரிப்பதற்கு முன் மேலிருந்து பார்த்து நோட்டில் படம் வரைந்துகொண்டாள். சால்டரிங் செய்யும்போது, தகடுகளின் அடிப்பக்கம் எட்டவேண்டுமே என்று குழாயைக் கவிழ்த்துப் பிடித்தாள். படத்தைப் பார்த்து, அப்படியே வைத்தாள். முன்னும் பின்னும் இருந்த இடத்திலேயே இருந்தன. வலமும் இடமும் மட்டும் இடம் மாறிவிட்டன. அன்றிலிருந்து அவள் எடுத்த படங்கள் எல்லாமே கண்ணாடிக்குள் பார்த்தவை.

அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. பரிசோதனைக்கு வைக்கும் தங்கத்தின் அணு வரிசை கண்ணாடியிலும் அதேபோலத்தான் தெரியும். வலம் இடம் தெரிந்த ஒரு மாதிரியை வைத்துப் பார்த்தால் மட்டுமே பிடிபடும். அதற்காகவே பழுதுபார்ப்புப் பட்டியலில் ஒன்பதாவதாக, 'திசை சரிபார்ப்பு' என்று இருந்தது. கம்பி மாற்றிய அன்று, குளிர்க்கலத்துக்கு ஊற்றும் திரவ ஹீலியம் லாரி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் கத்தினான். ஹீலியம் ஆவியாகிக்கொண்டே இருக்கிற சரக்கு. அவள் எட்டாவதுவரை செய்துவிட்டு, ஒன்பதுக்கு எதிரே டிக் போட்டுவிட்டு ஓடினாள். 'பட்டியல்ல டிக் இருக்கு சார்.' பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. அந்த வாய் அன்றைக்கே எங்கோ கொஞ்சம் தெரிந்துதான் அப்படி வளைத்துச் சொல்லியிருக்கிறது என்று இப்போது பட்டது.

அவள் செய்யவேண்டியது என்ன? அறுந்ததை ஒட்ட வேண்டும். மாறியதைச் சரியாக மாற்ற வேண்டும். அது அவளுடைய வேலை. வேலையை ஒழுங்காகச் செய்தாலே தடயம் காணாமல் போய்விடும். இதைவிட வசதியான குற்றம் யாருக்கும் வாய்க்காது. கம்பிகளை மாற்றி வைத்தாள். இந்தமுறை வலம் இடம் தெரிந்த மாதிரியை வைத்து, ஒன்பதாவதையும் செய்தாள். எல்லாம் அச்சுப்பிசகாமல் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், முதலில் கருவி ஓடட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் தலைவர் கீழே இறங்கி வந்தார்.

"கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்புறோம்மா. 'வ' குப்பி படம் ஒண்ணு இன்னும் தெளிவா வேணும். முன்ன எடுத்ததுல ஓரம் கலங்கியிருக்கு."

மாலைக்குள் எடுத்தாள். அதுவரை எடுத்ததிலேயே அழகான படம். கிண்ணங்கள் வரிசையாக வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் வலப்பக்கம் சுற்றியது. சமையல்காரி சொன்னபடி. குப்பியில் எழுதியிருந்தபடி.

மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பும். கோணலாக எடுத்த படத்தை நேர்செய்ய வைத்தது. ஊசியக்கா திரையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தலைவர் ஃபோனில், "என்னம்மா ஆச்சு?" என்றார். "இதோ சார்" என்றாள். பொத்தானை அழுத்தினாள். வலம் இடமாயிற்று. அனுப்பினாள்.

விரல் எத்தனை வேகம் என்று ஊர் மெச்சியதோ அத்தனை வேகமாக அது நடந்து முடிந்தது.

அவள் கணவர் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர். வீட்டின் முன்னறையே கடை. அவள் உள்ளே வந்தபோது ஏதோ அலுவலக முத்திரைக்கு எழுத்துகளைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் பழைய இங்க் பேடு மாதிரி இருக்கு?"

"ஏங்க, எப்பவாவது திருப்பாம செஞ்சிருக்கீங்களா?"

"எதை?"

"எழுத்தை. நேரா செஞ்சு, அடிச்சா இடவலமா மாறி விழற மாதிரி."

அவர் சிரித்துவிட்டார். "கல்யாணம் ஆன புதுசுல ஒருத்தருக்குச் செஞ்சேன். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவர் நாப்பது சான்றிதழ்ல அடிச்சுட்டுத்தான் பாத்திருக்கார். கடைக்கு வந்து, 'யோவ், இதை ஒவ்வொருத்தனும் கண்ணாடி முன்னாடி நின்னுதான் படிக்கணுமா'ன்னு கேட்டார். வேற செஞ்சு குடுத்து, காலைப் பிடிக்காத குறையா அனுப்பினேன். ஏன்?"

"என் கம்பி ஒண்ணு மாறிப்போச்சு. இடம் வலமா."

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்புறம் என்ன? விடு."

அவள் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே நின்றாள். அவர் ஓர் எழுத்தை இடுக்கியில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடம் கூட இருந்தவர்.

"அதுல யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"உன்கூடச் சாப்பிடுமே, அந்தப் பொண்ணா?"

ஆமாம் என்று தலையை அசைத்தாள். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். "கையைக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார். அவளுக்கு அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

வியாழக்கிழமை மதியம் சமையல்காரி வழக்கம்போல டப்பாவோடு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது. அது ஊசியக்காவுக்குப் பயமாக இருந்தது.

"புதுப் படம் பாத்தேன்க்கா. தலைவர் காட்டினார். என்ன அழகு! கண்ணு படும்."

"ம்."

"ஒண்ணு சொல்லட்டா? அஞ்சு மாசமா மனசுக்குள்ள ஒரு மூலையில, நான் மாத்தலைன்னு ஒரு குரல் கத்திக்கிட்டே இருந்துச்சு. நேத்து உங்க படத்தைப் பாத்ததும் அது வாயை மூடிருச்சு. ரெண்டு தடவையும் அதே இடப்பக்கம்னா, அப்புறம் என்ன சந்தேகம்? நான்தான். நிம்மதியா இருக்கு, சத்தியமா."

ஊசியக்கா டப்பாவை மூடினாள். பாதிதான் சாப்பிட்டிருந்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு என் ஒப்பந்தத்தை நீட்டிக்கிறதா வேணாமான்னு கூட்டம் இல்ல? அதுக்கு ஒரு கடிதம் எழுதிட்டேன். குப்பியை மாத்தினது நான்தான், முழுப்பொறுப்பும் என்னோடதுன்னு. மழுப்பாம ஒத்துக்கிட்டா ஒருவேளை விட்டு வைப்பாங்க. இல்லேன்னா போறேன். எங்க போனாலும், குப்பியில பேர் ஒட்டுற வேலை மட்டும் கேக்க மாட்டேன்" என்று சொல்லி அவளே சிரித்தாள். "நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்கக்கா. உங்க தமிழ் நல்லா இருக்கும்."

ஒரு தாளை நீட்டினாள். ஊசியக்கா வாங்கினாள். படித்தாள். ஓர் இடத்தில் ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தாள். அதையும் செய்தாள் அவள். பேனாவை மூடும்போதுதான், தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஆனால் சமையல்காரி அதற்குள் படியேறிப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசியக்கா செருப்போடு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். பதினான்கு வருடத்தில் அவள் சமையல்கட்டுக்கு வந்தது நான்கைந்து தடவை இருக்கும். சமையல்காரி புகைபோக்கிக்கு அடியில் குடுவை ஒன்றைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அட, கிணறே மேல ஏறி வந்திருக்கு! என்னக்கா?"

"அடுப்பை அணைச்சுட்டு வாம்மா."

"ரெண்டு நிமிஷம்…"

"இப்பவே வா."

மாடிப்படி திருப்பத்தில் நிறுத்திச் சொன்னாள். நோட்டில் வரைந்தது, குழாயைக் கவிழ்த்தது, ஒற்றை முடிச்சு, இரட்டை முடிச்சு, ஒன்பதாவது டிக், ஹீலியம் லாரி. சமையல்காரி குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் வெடித்துச் சிரித்தாள்.

"அப்ப என் புள்ளைங்க சரியாத்தான் இருந்துச்சா? சோத்துக்கை சோத்துக்கைதானா?"

"சோத்துக்கைதான்."

"ஐயோ அக்கா! கவுத்துப் பிடிச்சா மாறத்தான் செய்யும். யாருக்கும் நடக்கும். ஹீலியம் வேற வந்து நின்னா…" கண்ணில் தண்ணீர் வந்தது. கையை நீட்டி ஊசியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பக்கா தெரிஞ்சது?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது எளிது. இன்றைக்குக் காலையில் என்று சொன்னால் எல்லாம் இந்தச் சிரிப்போடு முடிந்துவிடும். இருவருமாகத் தலைவரிடம் போகலாம்.

"செவ்வாக்கிழமை" என்றாள் ஊசியக்கா.

பிடித்த கை விடவில்லை. ஆனால் அதில் இருந்த அழுத்தம் போயிற்று.

"புதன்கிழமை படம்?"

"சரியாத்தான் வந்துச்சு. வலமா. நான் திருப்பி அனுப்பினேன். பொத்தானை அழுத்தி."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சே."

"நேத்து என் கடிதத்தைப் படிச்சீங்க."

"படிச்சேன்."

"திருத்திக் குடுத்தீங்க."

சமையல்காரி கையை எடுத்துக்கொண்டாள். கோபமாகக்கூட இழுக்கவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல மெதுவாக எடுத்தாள்.

"அந்த அஞ்சு மாசத்தை மன்னிச்சுட்டேன்க்கா. சத்தியமா. அது கம்பி. இந்த மூணு நாளைத்தான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல." மேலே போகத் திரும்பினாள். இரண்டு படி ஏறி நின்றாள். "நேத்து நிம்மதியா இருக்குன்னு உங்ககிட்டதான் சொன்னேன்."

தலைவர் ஊசியக்கா சொன்னதை நம்பவே இல்லை. "அந்தப் பொண்ணு மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருடம் சேர்த்து வைத்த நல்ல பெயர் அன்று அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. திருப்பாத மூலப் படத்தைக் காட்டினாள். நோட்டைக் காட்டினாள். அப்போதும் அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரைக் கிணற்றுக்குக் கூட்டிப்போய், அவர் கண்ணெதிரிலேயே 'வ' குப்பியை மறுபடி வைத்துப் படம் எடுத்தாள். அரைமணி நேரம் வரி வரியாக விழுந்தது. வலப்பக்கம் சுற்றியது. தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். சக்கரம் இல்லாத நாற்காலி கிறீச்சிட்டது.

"இதை நான் அந்த ஆய்வுக்கூடத்துக்கு எப்படி எழுதுவேன்? போன தடவை அவ தப்புன்னு எழுதினேன்."

"என் தப்புன்னு எழுதுங்க சார்."

"எந்தத் தப்பை? ரெண்டு இருக்கே."

"ரெண்டையும்."

மூன்று மணிக் கூட்டம் நடந்தது. சமையல்காரியின் கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்து, ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டித்தார்கள். கட்டுரை அன்று போகவில்லை. ஊசியக்காவின் வேலை போகவில்லை. ஆனால் இனி அவள் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும், மூலத்தோடு வைத்து, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது அவளுக்கு வலித்தது. வலிக்க வேண்டிய இடத்தில்தான் வலிக்கிறது என்றும் தோன்றியது.

அந்த இன்னொருவராகச் சமையல்காரியையே போட்டார்கள். மறுநாள் விடுமுறை. திங்கள்கிழமை மதியம் அவள் இறங்கி வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா இல்லை, கோப்பு மட்டும் இருந்தது. நின்றபடியே படங்களைப் பார்த்தாள். மூலத்தைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் நிதானமாக ஒப்பிட்டாள். அவள் விரலில் தயக்கம் இல்லை. எதையும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. ஊசியக்கா அதை மட்டும் கவனித்தாள்.

கையெழுத்திட்டுக் கோப்பை மூடும்போது சமையல்காரி சொன்னாள்:

"வந்து சொன்னதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு மேல எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்லிப் பாக்கலாம்னுதான் படியிறங்கும்போது நினைச்சேன். வாய் வரலக்கா."

"வர வேணாம்மா" என்றாள் ஊசியக்கா.

சமையல்காரி தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள். குனிந்து பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு, படியேறினாள். ஊசியக்கா அடுத்த மாதிரியைக் குளிர்க்கலத்தில் இறக்கத் தொடங்கினாள்.